கியர் இயந்திரத்துக்குச் சுங்க எண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இறக்குமதியாகும் இயந்திரத்தின் இன்வாய்ஸில் ‘கியர் ஷேப்பர்’ (கியர் பல்லை வெட்டும் இயந்திரம்) என்று இருக்கிறது. சுங்கத் தீர்வை அட்டவணையைத் திறந்தால், எச்.எஸ். எண் (பொருள்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்) 8461.20-இல் ஷேப்பிங், ஸ்லாட்டிங் இயந்திரங்கள் என்று போட்டிருக்கிறது. பெயர் பொருந்துகிறதே என்று அந்த எண்ணையே எழுதிவிடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். 8461.20 பொது வேலைக்கான ஷேப்பர்களுக்கு உரியது. தட்டைப் பரப்பைச் சீவுவது, பள்ளம் எடுப்பது போன்ற வேலைகள். கியர் பல்லை உருவாக்கவென்றே கட்டப்பட்ட ஷேப்பர் 8461.40-க்குப் போகவேண்டும். கியர் வெட்டுதல், கியர் கிரைண்டிங், கியர் ஃபினிஷிங் மூன்றுக்கும் இடம் அதுவே.

ஹாப் என்னும் கருவியைச் சுழற்றிக் கியர் பல் வெட்டும் ஹாபிங் மெஷினிலும் இதே குழப்பம் வரும். சுழலும் கருவி உலோகத்தை வெட்டுவதால் அது மில்லிங் போலவே தெரியும். உடனே கை மில்லிங் இயந்திரங்கள் வரும் 8459-க்குப் போகும். ஆனால் 8461-இன் வாசகம் கியர் வெட்டும் இயந்திரத்தைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. கியர் கிரைண்டரில் சந்தேகத்துக்கே இடமில்லை. கிரைண்டிங், ஹோனிங், லேப்பிங் இயந்திரங்களுக்கான 8460-இன் வாசகத்திலேயே ‘8461-இல் வரும் கியர் இயந்திரங்கள் நீங்கலாக’ என்று எழுதியிருக்கிறது. தலைப்பைக் கடைசி வரி வரை வாசித்தாலே இந்தத் தவறு நேராது.

சரி, கியர் செய்யக்கூடிய எல்லா இயந்திரமும் 8461.40 தானா? இல்லை. இந்த எதிர்ப்பக்கத் தவறும் அதே அளவு செலவு வைக்கும். டிவைடிங் ஹெட் (வேலைப்பொருளைச் சம கோணங்களில் திருப்பி நிறுத்தும் துணைக்கருவி) மாட்டி யுனிவர்சல் மில்லிங் மெஷினில் கியர் வெட்டலாம். அதனால் அது கியர் இயந்திரம் ஆகிவிடாது, 8459-இலேயே இருக்கும். டிவைடிங் ஹெட் மட்டும் தனியாக வந்தால் 8466.30. கருவிகளைத் தானே மாற்றிக்கொண்டு பல வேலை பார்க்கும் மெஷினிங் சென்டர் 8457.10. டர்னிங் சென்டர் லேத்தோடு சேர்ந்து 8458. இயந்திரத்தால் என்னவெல்லாம் முடியும் என்பதை விட, எதற்காக அது வடிவமைக்கப்பட்டது என்பதே இங்கே கேள்வி.

வயர் கட் இயந்திரம் இன்னொரு கண்ணி. மின்பொறியால் அரித்து அழகாகப் பல் எடுக்கும். ஆனால் 84-ஆம் அத்தியாயத்தின் 3-ஆம் குறிப்பு, 8456-க்கும் (லேசர், மின்பொறி போன்றவற்றால் வேலை செய்யும் இயந்திரங்கள்) 8461-க்கும் ஒருசேரப் பொருந்தும் இயந்திரம் 8456-க்கே போகும் என்கிறது. லேசருக்கும் இதே விதி. அத்தியாயக் குறிப்புகளைப் படிக்காமல் எண்ணைத் தேடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

உலோகச் சீவல் விழுகிறதா என்றும் கேளுங்கள். 8461 உலோகத்தையோ செர்மெட்டையோ (பீங்கானும் உலோகமும் சேர்ந்த கலவைப்பொருள்) நீக்கி வேலை செய்யும் இயந்திரங்களுக்கானது. உருட்டி அழுத்திப் பல் உருவாக்கும் இயந்திரத்தில் எதுவும் நீக்கப்படுவதில்லை. அதற்கு 8462, 8463 பக்கம் பார்க்கவேண்டும். கடின பிளாஸ்டிக்கில் பல் வெட்டுவதற்கென்றே உள்ள இயந்திரம் என்றால் 8465.

அப்புறம், கூடவே வரும் சாமான்கள். ஹாப், ஷேப்பர் கட்டர் போன்ற மாற்றக்கூடிய வெட்டுக்கருவிகளை ‘மெஷின் பாகம்’ என்று 8466-இல் போடக்கூடாது, அவை 8207. கிரைண்டிங் வீல் 6804. கருவியைப் பிடிக்கும் ஹோல்டர் 8466.10, வேலைப்பொருளைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சர் 8466.20. உதிரியாக வாங்கும் பேரிங் 8482, மோட்டார் 8501, சி.என்.சி. கன்ட்ரோல் 8537. கியர் அளக்கும் இயந்திரம் 9031. முழுப் பட்டியலுக்கும் ‘ஸ்பேர்ஸ்’ என்று ஒரே எண் போடுவது நேரத்தை மிச்சப்படுத்துவது போலத் தெரியும். கேள்விக் கடிதம் வந்தால் அந்த நேரம் பல மடங்காகப் போய்விடும்.

பெரிய இயந்திரத்தைப் பிரித்துப் பல பெட்டிகளில் அனுப்புவது சாதாரணம். எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தால் எச்.எஸ். முறையின் பொது விளக்க விதி 2(அ) படி முழு இயந்திரமாகவே வகைப்படுத்தலாம். வேறுவேறு கப்பலில், வேறுவேறு மாதத்தில் வந்தால் நிலைமை மாறும். அதற்கான நடைமுறை ஒவ்வொரு நாட்டிலும் வேறு. முதல் பெட்டி கப்பல் ஏறும் முன்பே சுங்கத்திடம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

விலையிலும் ஒரு தவறு இருக்கிறது. இறக்குமதிக்குப் பின் இயந்திரத்தை நிறுவுவதற்கும் பயிற்சிக்கும் கொடுக்கும் கட்டணம், உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தப்படி சுங்க மதிப்பில் சேராது. ஆனால் அது விலையிலிருந்து தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். ‘நிறுவுதல் உட்பட’ என்று மொத்தத் தொகை எழுதினால் அதற்கும் சேர்த்தே தீர்வை கட்டவேண்டியிருக்கும்.

ஏற்றுமதி செய்பவர்கள் எச்.எஸ். எண்ணோடு நின்றுவிடக்கூடாது. ஆயுதங்களையும் ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தும் நாடுகளின் கூட்டமைப்பான வாசனார் ஏற்பாட்டின் இருபயன் (சிவில், ராணுவம் இரண்டுக்கும் பயன்படும்) பொருள் பட்டியலில் உயர்துல்லிய கியர் ஃபினிஷிங் இயந்திரங்களும் இடம்பெற்றிருக்கின்றன. கடினத்தன்மை ராக்வெல் சி அளவீட்டில் 40 அல்லது அதற்கு மேல் உள்ள கியர், 1250 மி.மீ.-க்கு மேற்பட்ட பிட்ச் விட்டம் (பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் வட்டத்தின் விட்டம்), அதில் 15 சதவீதமாவது முக அகலம், மிக உயர்ந்த தரநிலை என்று அதற்கு அளவுகோல்கள் உண்டு. இது எச்.எஸ். எண்ணைப் பார்த்துத் தெரிவதில்லை. இயந்திரத்தின் தொழில்நுட்ப விவரத்தாளோடு ஒப்பிட்டே பார்க்கவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் இருந்தால் முன்கூட்டிய தீர்ப்புக்கு (எந்த எண் என்று சரக்கு வரும் முன்பே சுங்கம் எழுத்தில் தரும் முடிவு) விண்ணப்பிக்கலாம். 2017-இல் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு அதற்கு வழி செய்கிறது. விண்ணப்பத்தோடு கேட்லாக் மட்டும் போதாது. இயந்திரம் எந்த முறையில் பல் எடுக்கிறது, எத்தனை அச்சு, கருவி தானாக மாறுமா, வேறு என்ன வேலை செய்யும் என்று ஒரு பக்கம் எழுதி, வரைபடத்தோடு இணையுங்கள். அதை இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே செய்யுங்கள். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போது அதற்கு அவகாசம் இருக்காது.