கிளேசியர் வளைகுடாவுக்குச் சொந்தப் படகில்

அலாஸ்காவின் தென்கிழக்கில் இருக்கும் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் படகை விட, முதலில் அனுமதிச் சீட்டு வேண்டும். ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, எஞ்சின் உள்ள தனியார் படகுகளில் நாளுக்கு 25 மட்டுமே உள்ளே இருக்கலாம். கட்டணம் இல்லை. ஒரு சீட்டுக்கு அதிகபட்சம் 7 நாள். நுழையும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஜூலையில் போகிறவர்கள் அந்த முதல் நாளிலேயே அனுப்பிவிடுங்கள். தவறினால், நுழைவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தரப்படும் கடைசி நேர அனுமதி இருக்கிறது.

வளைகுடா வாயை நெருங்கும்போது விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசையில் "கே.டபிள்யூ.எம். 20 பார்ட்லெட் கோவ்" என்று பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டு, 12-க்கு மாறி, படகின் பெயரைச் சொல்லுங்கள். பார்ட்லெட் கோவ் அலுவலகத்தில் படகோட்டிகளுக்கான விளக்கவுரை கட்டாயம். திமிங்கில எல்லைகளும் மூடிய பகுதிகளும் அங்கேதான் தெளிவாகும் என்பதால் வரைபடத்தையும் பென்சிலையும் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள பொதுப் படகுத்துறையில் 24 மணி நேரத்தில் 3 மணி நேரம்தான் கட்டலாம். இரவுக்கு நங்கூரம் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பார்ட்லெட் கோவைத் தாண்டினால் டீசல் கிடையாது. மார்ஜரி பனியாறு வரை சுமார் 65 தரை மைல், போய்வர 130. பக்கத்து நீர்முனைகளுக்குள் (நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் பகுதிகள்) நுழைந்து பார்ப்பதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு வையுங்கள்.

புறப்படும் நேரத்தை முடிவுசெய்வது சிட்டகடே என்ற குறுகலான நீர்வழிதான். பார்ட்லெட் கோவிலிருந்து 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரும். நீரோட்டம் 6 நாட் வரை ஓடும் இடம். எதிர்த்துப் போனால் எஞ்சின் கத்தும், கரை நகராது. வற்றம் (கடல்நீர் இறங்குவது) முடிந்து ஏற்றம் தொடங்கும் வேளையில் அங்கே இருக்கும்படி கிளம்பினால், தண்ணீரே வடக்கே தள்ளிக்கொண்டுபோகும். திரும்பும்போது இன்னும் கவனம் தேவை: தெற்குக் காற்று வீசும்போது வற்றத்தில் இறங்கினால் அலை செங்குத்தாக எழும்பும். ஓட்டம் ஓயும் நேரத்துக்குக் காத்திருங்கள்.

வளைகுடாவின் இந்தத் தெற்குப் பகுதி திமிங்கில நீர். மே 15 முதல் செப்டம்பர் 30 வரை, 18 அடிக்கு மேற்பட்ட படகு கரையிலிருந்து 1 கடல் மைல் தள்ளியோ, குறுகலான இடத்தில் நடுவாய்க்காலிலோ போக வேண்டும். வேகம் 20 நாட்டுக்கு மேல் கூடாது. திமிங்கிலம் அதிகம் இருந்தால் 13 ஆக்கிவிடுவார்கள். கூனல் திமிங்கிலத்துக்கு கால் கடல் மைல் இடைவெளி. அது தானாகவே பக்கத்தில் எழும்பிவிட்டால் 10 நாட்டுக்குக் கீழே குறைத்து, நேராக விலகிச் செல்லுங்கள். மோதும் நிலை வந்தாலொழிய ரிவர்ஸ் போடக் கூடாது. சவுத் மார்பிள் தீவில் கடற்சிங்கங்களுக்கு 100 கஜம் விட்டு நிற்கலாம்; பஃபின் பறவைகள் அங்கிருந்தே நன்றாகத் தெரியும். பியர்ட்ஸ்லீ தீவுகளுக்குள் கோடையில் எஞ்சினுக்கு அனுமதி இல்லை. சீல்கள் குட்டி ஈனும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நீர்முனை மே, ஜூன் முழுக்க மூடியிருக்கும்.

ஆழமானியை நம்புங்கள், பழைய வரைபடத்தை அவ்வளவு நம்ப வேண்டாம். 1794-ல் பிரிட்டிஷ் கடற்பயணி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இங்கே வளைகுடாவே இல்லை. கரையில் சின்ன வளைவும் பனிச்சுவரும்தான். அந்தப் பனி பின்வாங்கிப் பாரம் இறங்கியதால் தரை இன்னும் எழும்புகிறது, சில இடங்களில் ஆண்டுக்கு 3 செ.மீ. வரை. 30 ஆண்டுக்கு முன் அளந்த ஆழம் இன்று 3 அடி குறைவாக இருக்கலாம்.

நங்கூரச் சங்கிலிக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் இங்கே ஏற்றவற்ற வித்தியாசம் 25 அடி வரை போகும். ஓர் உதாரணம்: இப்போது ஆழம் 36 அடி, ஓத (ஏற்றவற்ற) அட்டவணைப்படி நீர்மட்டம் 4 அடி. இரவு உச்சம் 18 என்றால் ஆழம் 50 ஆகும். அணியத்தின் (படகின் முன்பகுதி) உயரம் 5 அடி சேர்த்தால் 55. அதற்கு ஐந்து மடங்கு, 275 அடி சங்கிலி. பிறகு மட்டம் −2-க்கு இறங்கும்போது ஆழம் 30 அடிதான். அப்போது நங்கூரத்தைச் சுற்றிப் படகு சுழலும் வட்டம் பெரிதாகும், அந்த வட்டத்துக்குள் திட்டு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரீட் நீர்முனையில் காட்சி அபாரம், ஆனால் இரவில் பனியாற்றிலிருந்து குளிர்காற்று சரிந்து வரும். தூக்கம் வேண்டுமென்றால் நார்த் சாண்டி கோவ் மேல். ரீட், ப்ளூ மவுஸ் கோவ், நார்த் சாண்டி மூன்றிலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவு 10 முதல் காலை 6 வரை ஜெனரேட்டர் ஓட்டக் கூடாது.

பனிக்கட்டிக்குள் நுழைந்ததும் ஒருவர் அணியத்தில் நிற்க வேண்டும். வேகம் 2-3 நாட். வெள்ளைக் கட்டி பயமில்லை. தண்ணீர் நிறத்தில் மூழ்கி மிதக்கும் தெளிந்த கட்டிதான் புரொப்பெல்லரை வளைக்கும். கட்டி பக்கவாட்டில் உரசிப் பின்னால் போகும்போது கியரை நியூட்ரலில் போடுங்கள். வந்த வழி மூடுகிறதா என்று அடிக்கடி திரும்பிப் பாருங்கள். காற்று மாறினால் அரை மணியில் அடைத்துவிடும்.

பனியாற்று முகத்திலிருந்து கால் மைலுக்குக் கிட்டே போகாதீர்கள். அந்தத் தூரத்தில் முறியும் சத்தம் ஒரு விநாடிக்கு மேல் தாமதமாகத்தான் காதுக்கு எட்டும். கேட்டபோது பனி ஏற்கெனவே விழத் தொடங்கியிருக்கும். அலை வந்தால் ஓடப் பார்க்காமல் அணியத்தை அதை நோக்கித் திருப்புங்கள். ஆழமான நீரில் அது வெறும் ஏற்ற இறக்கம்; ஆழம் குறைந்த கரையோரத்தில்தான் உடையும். கரையிறங்கினால் சிறுபடகை நீர்க்கோட்டுக்கு வெகு மேலே இழுத்துக் கட்டுங்கள்.

அங்கே தண்ணீர் பால் போலிருக்கும். அது பனியாறு அரைத்த பாறைமாவு. எஞ்சின் குளிர்விப்பு நீரின் வடிகட்டியை நாளுக்கு இரண்டு முறை கழுவுங்கள். இம்பெல்லர் (அந்த நீரை இழுக்கும் பம்பின் சுழல்சக்கரம்) ஒன்று உபரியாக இருக்கட்டும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியை அந்தப் பகுதியில் ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பார்ட்லெட் கோவிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு போங்கள்.