ரோமானியப் படம் வரப்போகிறதா? காதைத் தயார் செய்யுங்கள்

ரோமானியர் காலத்துப் படம் ஒன்றை அறிவித்தால் நான் முதலில் தேடுவது இசையமைப்பாளர் பெயரைத்தான். நடிகர்கள் அப்புறம். பெயர் தெரிந்ததும் அவருடைய பழைய படம் ஒன்றின் இசைத்தொகுப்பை ஹெட்ஃபோனில், வேறு வேலை எதுவும் பார்க்காமல், முழுதாகக் கேளுங்கள். டிரெய்லர் இசையை வைத்து முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அதை வேறு ஆட்கள் செய்திருப்பார்கள்.

சரி, அடுத்து பழைய ரோமானியப் படங்கள். 1951இல் வந்த ‘குவோ வாடிஸ்’ படத்துக்காக இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஷா பண்டைய கிரேக்க இசையையே தேடிப் படித்தார். கல்லில் பொறித்துக் கிடைத்த செய்கிலோஸ் பாட்டின் மெட்டை நீரோ பாடும் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார். 1959இல் ‘பென்-ஹர்’ படத்தில் அவருடைய டிரம்பெட்டுகள் முழங்குவதைக் கேளுங்கள். ரோமாபுரி என்றாலே என் காதில் இன்றும் விழுவது அந்த ஒலிதான்.

2000இல் ‘கிளாடியேட்டர்’ வேறு வழியில் போனது. ஹான்ஸ் ஜிம்மர் ஆர்மீனியாவின் டுடுக் குழலைக் கொண்டுவந்தார், லிசா ஜெரார்டின் குரலையும் சேர்த்தார். வீடு திரும்ப முடியாதவனின் ஏக்கத்தை அந்தக் குழல் சொன்னதுபோல் வசனம்கூடச் சொல்லவில்லை என்பேன்.

இவற்றைக் கேட்டபின், புதிய படத்தில் முதலில் ஒலிக்கப்போவது டிரம்பெட்டா, குழலா, குரலா என்று ஊகித்து எழுதி வையுங்கள். இசைத்தொகுப்பு முன்பே வெளிவந்தால் கேட்கலாம். ஆனால் அதிலுள்ள இசைத்துண்டுகளின் தலைப்புகளைப் படிக்க வேண்டாம். யார் சாகிறார் என்பதை அவையே சொல்லிவிடும்.