எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்: ஸ்டட் முறியாமல் கழற்ற

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் என்பது இன்ஜின் சிலிண்டர்களின் புகையைத் திரட்டி சைலன்சர் பைப்புக்கு அனுப்பும் குழாய்த் தொகுதி. இன்ஜினில் திருகி நிற்கும் ஸ்டட்களில் (தலையில்லாத போல்ட்) நட்டு போட்டு அதை இறுக்கியிருப்பார்கள். கழற்றும்போது பாதி வேலை முந்தின நாளே நடக்க வேண்டும். இன்ஜின் நன்றாக ஆறியதும் நட்டுகளின் மரையில் துரு இளக்கும் ஆயில் அடித்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஹீட் ஷீல்டை (வெப்பம் தடுக்கும் தகடு) எடுங்கள். ஆக்சிஜன் சென்சாருக்குப் பெரும்பாலும் 22 மி.மீ. சாக்கெட், வயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டியது. அடியில் சைலன்சர் பைப்பைப் பிரித்ததும் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள்.

நட்டுக்கு ஆறுமுனை சாக்கெட்தான். பன்னிரண்டு முனை போட்டால் துருப்பிடித்த நட்டு மழுங்கிவிடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். இறுகியிருந்தால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி ஆயில். கிறீச்சென்றால் மரை நகர்கிறது, நல்லது. ரப்பர் போல இழுத்தால் ஸ்டட் முறுகுகிறது. உடனே நிறுத்தி நட்டைச் சூடாக்குங்கள், அதற்குமுன் சிந்திய ஆயிலைத் துடைத்துவிட வேண்டும். மேனிஃபோல்டுக்கும் இன்ஜினுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டை மறுபடி போடவே கூடாது.