அரக்கானின் பழைய ராஜதானியை முகப்பில் உட்கார்ந்தே பார்ப்பது எப்படி

எங்கள் ஐயா அக்யாபுக்குக் கொண்டுவிக்கப் போனவர். இரண்டாங்கட்டில் கிடக்கும் தகரப்பெட்டியின் மூடியில் அந்த ஊர்ப் பெயர் பாதி அழிந்து இன்னும் தெரிகிறது. காரைக்குடிப் பக்கம் பர்மா என்றாலே ரங்கூன், தேக்கு, அதோடு பேச்சு முடிந்துவிடும். அக்யாபிலிருந்து, அதாவது இன்றைய சித்வேயிலிருந்து, ஆற்றில் சுமார் 65 கிலோமீட்டர் மேலே போனால் மேற்குப் பர்மாவில் அரக்கான் (இன்றைய ரக்கைன்) நாட்டின் பழைய ராஜதானியான மிராவுக் ஊ இருப்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. 2023 நவம்பரில் மறுபடி மூண்ட சண்டைக்குப் பிறகு நேரில் போகிற யோசனையே வேண்டாம். போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களில் இது 'மியோஹாங்', பழைய ஊர் என்று அர்த்தம். பர்மியர்கள் 'மியாவுக் ஊ' என்பார்கள், அரக்கான்காரர்கள் மட்டும் ரகரத்தை விடமாட்டார்கள்.

வரலாற்றில் மூன்று வருஷங்களை மனதில் வைத்தால் போதும். 1430-ல் மின் சா மோன், வங்காளத்தில் அடைக்கலமாக இருந்துவிட்டு அங்கிருந்த சுல்தானின் படை உதவியோடு திரும்பி வந்து இந்த ஊரை நிறுவினார். அந்த உறவால்தான் புத்த ராஜாக்களின் நாணயங்களில் பாரசீக எழுத்து இருக்கிறது. 1535-ல் மின் பின் ஷித்தாங் கோயிலைக் கட்டினார். 1784-ல் பர்மிய மன்னர் போதவ்பயாவின் படை வந்து எல்லாவற்றையும் முடித்தது.

அப்புறம் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து முதலில் அரண்மனை மேட்டைத் தேடுங்கள். அடுக்கடுக்கான கல் மதில்கள்தான் மிச்சம், மர அரண்மனை போய்விட்டது. சற்று வடக்கே ஷித்தாங், அதன் அருகிலேயே துக்கந்தெய்ன், கிழக்கே தள்ளி கோதாங், மூன்றும் கோயில்கள். ஷித்தாங் என்றால் எண்பதாயிரம் சிலை, கோதாங் என்றால் தொண்ணூறாயிரம். அப்பா மின் பின் கட்டியதைவிட, கோதாங்கைக் கட்டிய மகன் பத்தாயிரம் கூட்டினார், நம் ஊர்ப் பங்காளி வீடுகளில் பார்க்காததா!

பலரும் தப்பு பண்ணுவது இங்கேதான்: பர்மாவின் இன்னொரு பழைய ராஜதானியான பகானின் கோயில்களை நினைத்துக்கொண்டு பார்ப்பார்கள். பகான் செங்கல், இது பெரும்பாலும் கல். வெளியே கோட்டை மாதிரி தாழ்வாக, தடித்த சுவரோடு, பார்க்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். பனிமூட்டத்தில் எடுத்த அழகான படங்களைத் தள்ளிவிட்டு உட்புறப் படங்களைத் தேடுங்கள், அதிலும் துக்கந்தெய்ன். 1571-ல் கட்டியது, உள்ளே நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி ஏறும் இருட்டு நடை. சுவர் மாடங்களில் புத்தர், பக்கத்தில் கையில் தாமரை மொட்டோடு உட்கார்ந்த பெண்கள். அவர்களின் கொண்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். 64 விதம் என்பார்கள். நான் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டுக் கண் வலித்து நிறுத்திவிட்டேன்.

கடைசியாக மண்டலே. மிராவுக் ஊவுக்கு வடக்கே தான்யவதியில் இருந்த மகாமுனி புத்தர் சிலையை, போதவ்பயாவின் ஆட்கள் மலை தாண்டி இழுத்துப் போனார்கள். இன்று மண்டலேயில் தங்க ரேக்கு ஒட்டி ஒட்டி உடம்பே பருத்திருக்கிறது. உங்கள் வீட்டு பர்மா ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கலாம், புரட்டிப் பாருங்கள். எங்கள் பெட்டியில் இல்லை. அடுத்த வளவு ஆச்சியிடம் கேட்டிருக்கிறேன்.