நாடகாசிரியரின் கையெழுத்துப் படம் வாங்கும்போது கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்

நடிகர்கள் கையெழுத்துப் போட்ட புகைப்படங்களைச் சேர்ப்பவர்கள் ஏராளம். நாடகாசிரியர், திரைக்கதையாசிரியர் பக்கம் வருபவர்கள் குறைவு. அப்படி வருபவர்களும் நடிகர் படம் வாங்கிய பழக்கத்திலேயே வாங்குகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் நட்சத்திரங்களின் படங்களைக் கட்டுக்கட்டாகப் பிரிண்ட் போட்டு ரசிகர்களுக்கு அனுப்பின. எழுத்தாளருக்கு அந்த ஏற்பாடெல்லாம் பெரும்பாலும் இருந்ததில்லை. அவருடைய கையெழுத்து புத்தகத்தில் கிடைக்கும், கடிதத்தில் கிடைக்கும், ஒப்பந்தத்திலும் செக்கிலும் கிடைக்கும். படத்தில் கிடைப்பது அபூர்வம். ஆகவே ஒரே டீலரிடம் ஒரே நாடகாசிரியரின் படம் ஐந்தாறு இருந்து, எல்லாம் 8×10 அங்குலமாக, எல்லாம் ஒரே மார்க்கரில் கையெழுத்தானவையாக இருந்தால் விலை கேட்காமலே நகர்ந்துவிடலாம்.

அடுத்த தவறு, படம் கைக்கு வந்ததும் கையெழுத்தின் சுழிப்பை ஆராய உட்காருவது. போலி போடுகிறவர் மிகவும் பழகியிருப்பது அந்தச் சுழிப்பைத்தான். அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முதலில் பேனாவைப் பாருங்கள். அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் இறந்தது 1953 நவம்பரில். ஷார்ப்பி மார்க்கர் விற்பனைக்கு வந்தது 1964இல். அந்த மார்க்கரில் போட்ட ஓ'நீல் கையெழுத்து எத்தனை அழகாக இருந்தாலும் அவர் போட்டதல்ல. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான், நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில். 1937இல் காலமான, 'பீட்டர் பான்' நாடகம் எழுதிய ஜே. எம். பாரி அதைத் தொட்டிருக்கவே முடியாது. ஓ'நீல் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கடைசிப் பத்தாண்டுகளில் கை நடுக்கத்தால் அவரால் எழுத முடியாமல் போனது. அந்த ஆண்டுகளின் தேதி போட்டு, நடுக்கமே இல்லாமல் உறுதியாக ஓடும் கையெழுத்தைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும்.

பேனாவுக்கு அடுத்தது பேப்பர். 1950களின் நடுப்பகுதியிலிருந்து புகைப்படத் தாள்களில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். ரூபாய் நோட்டு பார்க்கும் யூவி டார்ச்சை இருட்டறையில் அதன்மேல் அடித்தால் நீலமாகப் பளீரென்று ஒளிரும். 1930களில் கையெழுத்தானதாகச் சொல்லப்படும் படம் இப்படி ஒளிர்ந்தால் கதை முடிந்தது. ஆனால் ஒளிரவில்லை என்பதாலேயே அசல் என்று துள்ளவும் கூடாது. பழைய வெற்றுப் படத்தை வாங்கி அதில் புதிதாகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். படமே நகலாக இருப்பதும் புதிதல்ல. ஆஸ்கர் வைல்டை நெப்போலியன் சரோனி 1882இல் நியூயார்க்கில் எடுத்த படத்தை ஒரு லித்தோ அச்சுக் கம்பெனி அனுமதியில்லாமல் 85,000 பிரதி அச்சடித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1884இல் சரோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. வைல்ட் உயிரோடு இருந்தபோதே இந்த நிலை.

மூன்றாவது சோதனைக்கு நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். படத்தை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். பளபளப்பான தாளில் பேனா மை ஒரு தனிப் படலமாக உட்கார்ந்திருக்கும். அதன் மினுக்கம் படத்தின் மினுக்கத்தோடு ஒட்டாது. கோடு கோட்டைக் கடக்கும் இடத்தில் மை அடர்ந்திருக்கும். பால்பாயிண்ட் என்றால் மெல்லிய பள்ளம் தெரியும். இவை எதுவுமின்றி கையெழுத்தும் முகமும் ஒரே மட்டத்தில், ஒரே பளபளப்பில் இருந்தால் அது படத்தோடு சேர்த்தே பிரிண்ட் ஆன கையெழுத்து. ஒருவரின் கையெழுத்தை அப்படியே போட்டுத் தரும் ஆட்டோபென் இயந்திரம் போட்டதில் மை நிஜம்தான், ஆனால் அழுத்தம் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக இருக்கும். இரண்டு பிரதிகளை மேலும் கீழும் வைத்தால் அச்சாகப் பொருந்தும். மனிதக் கை ஒரே கையெழுத்தை இரண்டு முறை அப்படிப் போடாது.

கையெழுத்து அசல்தான் என்று டீலர் தரும் சர்டிபிகேட் இருக்கிறதே என்பார்கள். பிரிண்டர் உள்ள யாரும் அடித்துத் தரக்கூடிய காகிதம் அது. 1990களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது அந்தச் சரக்குக்கும் சர்டிபிகேட் இருந்தது. டீலரிடம் கேட்க வேண்டியது வேறு: யாரிடமிருந்து வந்தது, போலி என்று தெரிந்தால் எத்தனை ஆண்டு கழித்தும் பணம் திரும்புமா, அதை பில்லில் எழுதித் தருவீர்களா?

பெயரில் சறுக்குகிறவர்களும் உண்டு. ஆர்தர் மில்லர் என்ற பெயரில் மூன்று ஆஸ்கர் வாங்கிய ஒளிப்பதிவாளர் ஒருவர் இருந்தார், 1970இல் இறந்தார். நாடகாசிரியர் மில்லர் 2005 வரை வாழ்ந்தார். ஒருவர் கையெழுத்தை மற்றவர் விலைக்கு வாங்கிவிட வேண்டாம். இதற்கு நேரெதிரான இழப்பும் நேரும். ஆங்கில நாடகாசிரியர் ஹரால்ட் பின்டர் 1950களில் டேவிட் பேரன் என்ற பெயரில் மேடையில் நடித்தார். அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸின் இயற்பெயர் தாமஸ், நெருங்கியவர்களுக்கு டாம். தெரியாத பெயர் என்று ஒதுக்கிய படம் பொக்கிஷமாக இருக்கக்கூடும்.

'இன்னாருக்கு அன்புடன்' என்று எழுதிய படத்தைப் பலர் வேண்டாம் என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எழுத்தாளரின் படத்தில் நான்கு வரி அவர் கையால் இருப்பதைவிட வேறென்ன வேண்டும்? ஒப்பிட்டுப் பார்க்க எழுத்தும் அதிகம் கிடைக்கிறது. போலிக்காரர் நான்கு வரி எழுதத் துணிவது குறைவு. அந்த 'இன்னார்' நாடகத்தின் இயக்குநராகவோ நடிகராகவோ இருந்துவிட்டால் மதிப்பு இன்னும் கூடும்.

உயிரோடு இருக்கும் நாடகாசிரியருக்கு எழுதிப் படம் கேட்பவர்கள் திரும்பி வரும் உறையில் இந்திய ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறார்கள். லண்டனிலோ நியூயார்க்கிலோ அது செல்லாது. அங்கே இருக்கும் உறவினரிடம் சொல்லி அந்த நாட்டு ஸ்டாம்ப் வாங்கி வையுங்கள்.

வந்து சேர்ந்த படத்தை தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, படத்தின் மதிப்பு அன்றோடு போய்விடும். ஃபிரேம் போட்டால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் அட்டை இருக்கட்டும். சென்னைப் புழுக்கத்தில் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவர் கூடாது, மார்க்கர் மை வெளுத்துவிடும். பசை தடவிய பக்கங்கள் உள்ள ஆல்பமும் பிவிசி உறையும் வேண்டாம், பாலியெஸ்டர் உறை நல்லது. பின்பக்கம் பேனாவால் குறிப்பு எழுதினால் அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். வாங்கிய தேதி, பில், தபால் முத்திரையுள்ள உறை எல்லாவற்றையும் தனிக் கவரில் போட்டு, எந்தப் படத்துக்கு உரியவை என்று அந்தக் கவரின் மேலேயே எழுதி வையுங்கள்.