சவாரிக் குதிரையை வாங்கும்போதும் விற்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமப்புறத்தில் குதிரை கைமாறுவது பெரும்பாலும் தெரிந்தவர்களுக்கிடையில்தான். நடக்கும் தவறுகளில் பலவற்றுக்கு இந்தப் பழக்கமே வேராக இருக்கிறது. அந்நியரிடம் தயங்காமல் கேட்கும் கேள்வியை அறிந்தவரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, குதிரையைச் சரியாகப் பார்க்காமலேயே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலை கொடுத்து வாங்கும் குதிரைக்கு அந்த நாகரிகம் பொருந்தாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சேணம் பூட்டித் தயாராக நிறுத்தியிருக்கும் குதிரையைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது. ஏற்கெனவே ஓட்டிக் களைக்க வைத்த குதிரை சாதுவாகத்தான் நிற்கும். காலையில் விறைத்திருந்த கால்களும் சூடேறியபின் இளகி, லேசான நொண்டலைக் காட்டாமல் விட்டுவிடலாம். ஆகவே, குதிரையை மேய்ச்சலிலோ லாயத்திலோ அப்படியே விட்டுவைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சற்று முன்னதாகவே போய், அதைப் பிடிப்பதிலிருந்து குளம்பைத் தூக்குவது, கடிவாளம் மாட்டுவது, சேணத்தின் வாரை இறுக்குவது வரை அனைத்தையும் கண்ணால் பார்க்க வேண்டும். வாரை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்கத் திரும்பும் குதிரையை, நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கியவர்கள் உண்டு. போனதும் சேணம் படியும் முதுகைத் தொட்டுப் பாருங்கள். அங்கே மட்டும் வியர்வையின் ஈரம் இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

நடக்கவிட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நேர்கோட்டில் மெல்ல ஓட்டச் சொல்ல வேண்டும். முன்காலில் வலியுள்ள குதிரை, அந்தக் கால் தரையில் ஊன்றும்போது தலையை மேலே தூக்கும். வலிமருந்து கொடுத்து இதையும் மறைக்க முடியும் என்பதால், கால்நடை மருத்துவரைக் கொண்டு சோதிப்பதும் இரத்த மாதிரி எடுத்து வைப்பதும் வீண்செலவல்ல. அந்த மருத்துவர் விற்பவரின் வாடிக்கை மருத்துவராக இருக்கக் கூடாது.

வயதை வாய்மொழியாக நம்புவது இன்னொரு தவறு. ஏறக்குறைய 5 வயதில் வெட்டுப்பற்கள் அனைத்தும் நிலைப்பற்களாகிவிடும். அதன்பின், மேல்வரிசையின் கடைசி வெட்டுப்பல்லில் ஒரு பள்ளக்கோடு ஈறின் அருகே சுமார் 10 வயதில் தோன்றி, 15 வயதில் பாதிப் பல்லையும் 20 வயதில் முழுப் பல்லையும் எட்டும். இது தோராயக் கணக்கே. முன்பற்களின் விளிம்பு தேய்ந்திருந்தால் லாயத்து மரச்சட்டங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டையைக் கடித்துக் காற்றை விழுங்கும் பழக்கம் அங்கே பல்தடமாகப் பதிந்திருக்கும்.

புதிதாகச் சவாரி பழகுபவருக்கு 3 வயதுக் குதிரையை வாங்கித் தந்து, இரண்டும் சேர்ந்து வளரட்டும் என்று நினைப்பது ஆபத்தானது. பழகிய 12 வயதுக் குதிரையே அவருக்கு ஆசான். விற்பவரோ அவருடைய ஆளோ முதலில் ஏறிக் காட்டாத குதிரையில் நீங்களும் ஏற வேண்டாம்.

வீட்டுக்கு வந்த அன்றே தீவனத்தை மாற்றினால் வயிற்று வலி வரக்கூடும். பழைய தீவனத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக மாற்றுவதே முறை. மற்றக் குதிரைகளோடு உடனே சேர்க்காமல் 2, 3 வாரம் தனியாகக் கட்டுவதும் அவசியம்.

விற்பவர்கள் செய்யும் தவறு, குறையை மறைப்பது. வண்டிச் சத்தத்துக்கு மிரளும் என்பதைச் சொல்லாமல் விற்ற குதிரை ஒருவரைக் கீழே தள்ளினால், அந்தச் செய்தி சுற்று வட்டாரமெங்கும் பரவி அடுத்த குதிரையின் விலையையும் சேர்த்துக் குறைக்கும். குறையைச் சொன்னால் மட்டும் போதாது. குதிரையின் நிறம், அடையாளங்கள், உயரம், வயது, போட்ட தடுப்பூசிகள் ஆகியவற்றோடு அதையும் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒரு வாரம் வைத்துப் பார்க்கட்டும் என்று அனுப்பினால், அந்த வாரத்தில் கால் முறிந்தால் யார் பொறுப்பு என்பதும் குதிரையை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே அதே தாளில் இருக்க வேண்டும்.