அடர்ந்த நிறம், அலங்கார விளக்கு, ஆடை ரசனை: வீட்டுக்குள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டுப் புடவை எடுக்கப் போகும் குடும்பங்கள் கடைக்குள் எரியும் விளக்கை முழுமையாக நம்புவதில்லை. பிடித்த புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்த பிறகுதான் மனம் ஒப்பும். உள்ளே அரக்காகத் தெரிந்தது வெளியே செங்கல் நிறமாக மாறிவிடக்கூடும் என்பதைப் பல தலைமுறைகளாகப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் அதே குடும்பம், புதிய வீட்டின் கூடத்துக்கு நிறம் தேடும்போது, பெயின்ட் கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே, தபால்தலை அளவுள்ள ஷேட் கார்டைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடுகிறது. பிடிக்காத புடவையைப் பீரோவில் வைத்துவிடலாம். பிடிக்காத சுவரோடு ஐந்தாறு ஆண்டுகள் வாழ வேண்டும்.

அடர்ந்த நிறங்கள் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அடுக்குமாடி வீடுகள் அனைத்தும் தந்த வெள்ளையிலும் சாம்பலிலும் மூழ்கிக் கிடப்பது எனக்கு வருத்தம் தருகிறது. மாம்பழ மஞ்சளையும் கிளிப்பச்சையையும் உடலில் தயங்காமல் உடுத்துகிறவர்கள், வீட்டுச் சுவருக்கு வந்தவுடன் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. துணிந்து நிறம் பூசிய சிலருடைய வீடு இருண்டு போனதையோ, கண்ணை உறுத்தியதையோ அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை, அத்தகைய வீடுகளில் பிழை நிறத்தில் இருப்பதில்லை. நிறத்தைப் பெயின்டரிடமும், விளக்கை எலக்ட்ரீஷியனிடமும், திரைச்சீலையையும் மெத்தை உறையையும் துணிக்கடையிலும் தனித்தனியாக முடிவு செய்வதில்தான் பிழை இருக்கிறது. ஒளி இல்லாமல் நிறம் இல்லை என்பதால், இவை மூன்றும் ஒரே முடிவாக இருக்க வேண்டும்.

முதலில் நிறம். கார்டில் பார்க்கும் நிறம் சுவரில் ஏறியதும் மேலும் அழுத்தமாகத் தெரியும். ஒரு சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி எதிர்ச் சுவரில் பட்டு மீண்டும் வருவதால், அறை முழுவதும் ஒரே நிறம் பூசினால் ஒவ்வொரு சுவரும் மற்றொன்றின் நிறத்தைக் கூட்டிக்கொடுக்கிறது. ஆகவே கார்டில் மனத்துக்குப் பிடித்ததைக் காட்டிலும் ஒரு படி மங்கலானதையே எடுக்க வேண்டும். அதற்கும் முன்பாக, மாதிரி டப்பா ஒன்றை வாங்கி, மூன்றடிக்கு மூன்றடி அளவுள்ள பலகையிலோ கெட்டி அட்டையிலோ இரண்டு கோட் அடித்து, அதை ஒவ்வொரு சுவரிலும் சாய்த்து வைத்து, காலை, நண்பகல், விளக்கேற்றிய பின் என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். சுவரிலேயே நேராக அடித்துப் பார்ப்பது நல்லதன்று. பழைய நிறம் சுற்றிலும் இருந்து கண்ணைத் திசைதிருப்பிவிடும்.

இப்படித் திசைதிருப்பப்படுவதை முறையாக ஆராய்ந்தவர் ஒரு சாயத் துறை வேதியியலாளர் என்பதைச் சொல்லியாக வேண்டும். பாரிஸ் நகரின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் 1824ஆம் ஆண்டு சாயப் பிரிவின் பொறுப்பேற்ற மிஷேல் எழேன் ஷெவ்ரல், கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்ற புகாரை விசாரித்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நிறங்களே கறுப்பை வெளிறிக் காட்டின என்று கண்டறிந்து, 1839இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். தேக்கு நிற அலமாரிக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் சுவர் நீலம் பாய்ந்ததுபோல் தெரிவதற்கும், பச்சைச் சோபாவுக்குப் பின்னால் உள்ள வெள்ளை லேசாகச் சிவந்து தெரிவதற்கும் இதுவே காரணம். எனவே சோபா, அலமாரி, தரை ஆகியவற்றின் அருகில் வைத்துப் பார்க்காமல் எந்த நிறத்தையும் உறுதி செய்யக் கூடாது.

தரையைப் பற்றிப் பலரும் நினைப்பதே இல்லை. பளபளக்கும் டைல்ஸ் பாதி கண்ணாடி போன்றது. கூடத்தின் ஒரு சுவர் குங்குமச் சிவப்பாக இருந்தால், தரையிலும் ஒரு சிவப்புப் பட்டை படரும். ஆள் முகத்திலும் படரும். உடை மாற்றிக் கண்ணாடி பார்க்கும் இடத்தில் அடர்ந்த பச்சையோ நீலமோ பூசுவது பெரிய தவறு. எந்தப் புடவையும் சட்டையும் அங்கே தன் உண்மையான நிறத்தைக் காட்டாது, முகமும் வாடித் தெரியும். அந்த ஒரு சுவரையாவது வெண்மையாகவோ, இளஞ்சிவப்புக் கலந்த மணல் நிறமாகவோ விட்டுவிடுங்கள்.

புகைப்படங்களைப் பார்த்து நிறத்தை அப்படியே எடுப்பது இன்னொரு பொதுவான பிழை. மொராக்கோவின் மராகேஷ் நகரில், ஓவியர் ஜாக் மஜோரெல் உருவாக்கிய தோட்டத்தை 1980இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரனும் அவருடைய தொழில் கூட்டாளி பியேர் பெர்ஜேயும் வாங்கிக் காப்பாற்றினார்கள். அங்கே கட்டடத்தில் பூசியுள்ள ஆழ்ந்த நீலம் உலகெங்கும் பெயர் பெற்றது. ஆனால் அந்த நீலம் திறந்த வானத்தின் கீழ், கடும் வெயிலில், கள்ளியும் பனையும் மூங்கிலும் சூழ, மஞ்சள் தொட்டிகளின் துணையோடு நிற்கிறது. வடக்குப் பார்த்த ஒற்றை ஜன்னல் உள்ள பத்துக்குப் பத்து படுக்கையறையில் அதே நீலம் ஏறக்குறைய கறுப்பாகிவிடும். மெக்சிகோ நகரில் கட்டடக் கலைஞர் லூயிஸ் பரகான் 1948இல் தமக்காகக் கட்டிய வீடும் இப்படித்தான் தவறாகப் படிக்கப்படுகிறது. இளஞ்சிவப்புச் சுவர் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதைச் சுற்றி எத்தனை வெள்ளைச் சுவர்கள் அமைதியாக இருக்கின்றன என்பதும், மாடிப்படியில் வைத்த பொன்தகட்டுப் பலகை மேலிருந்து வரும் ஒளியை வாங்கிக் கீழே அனுப்புகிறது என்பதும் கவனத்துக்கு வருவதில்லை. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த அந்த வீட்டில் நிறம் குறைவு. அது விழும் இடம் துல்லியம்.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல பாடம் செட்டிநாட்டு வீடுகளில் இருக்கிறது. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, நிறமூட்டிய சிமென்ட் குழம்பை ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடிக் கற்கள், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தரையில் கோலமிடும். வண்ணக் கண்ணாடி ஜன்னலின் மேற்பகுதியில் இருக்கும். இடையில் நிற்கும் சுவரோ பெரும்பாலும் மழமழப்பான வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. ஒளி முற்றத்தின் வழியாக மேலிருந்து இறங்கும். இன்று ஆத்தங்குடிக் கல்லை ஆசையோடு பதிக்கிறவர்கள், அதே அறையில் சிவப்புச் சுவரும், பூப்போட்ட திரையும், பித்தளைச் சரவிளக்கும் சேர்த்துவிடுகிறார்கள். எது பேச வேண்டும், எது கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்த அறையில் இல்லாமல் போகிறது.

பூச்சு வேலையில் உள்ள பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிவப்பு, மஞ்சள் ஆகியவற்றின் பளிச்சிடும் வகைகளுக்கு அடிநிறத்தை மறைக்கும் ஆற்றல் குறைவு. வெள்ளைப் பிரைமரின் (முதலில் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் நான்கு கோட் அடித்தும் திட்டுத்திட்டாகத் தெரியும். சாம்பல் கலந்த பிரைமர் கேட்டு வாங்கினால் கோட்டும் செலவும் குறையும். அடர்ந்த நிறத்தைப் பளபளப்பான பெயின்ட்டில் அடித்தால் பட்டி பார்த்ததில் உள்ள ஒவ்வொரு மேடுபள்ளமும் வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். பளபளப்பே இல்லாத ‘மேட்’ பெயின்ட்டில் அடித்தால் கை பட்ட இடமெல்லாம் தடம் விழும். இரண்டுக்கும் நடுவிலான மென்பளபளப்பே புழங்கும் அறைகளுக்குப் பொருந்தும். ஈரம் கசியும் சுவரில் அடர்ந்த நிறத்தைப் பூசவே கூடாது. உப்புப் பூத்தால் வெள்ளைச் சுவரில் ஓரளவு மறைந்திருப்பது, கருநீலச் சுவரில் முதல் மழைக்கே வெளிப்பட்டுவிடும்.

இனி விளக்கு. இங்கேதான் அதிகமான பணமும் அதிகமான ஏமாற்றமும் இருக்கின்றன.

பல்ப் பெட்டியின் மேல் வாட்டை மட்டும் பார்த்து வாங்குவது முதல் தவறு. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண்ணைப் பார்க்க வேண்டும். 2700 முதல் 3000 வரை இதமான மஞ்சள் ஒளி, 4000 நடுநிலை, 6500 நீலம் கலந்த வெண்மை. சிவப்பு, காவி, மஞ்சள், மரத்தின் பழுப்பு ஆகியவை 6500 கெல்வினில் உயிரிழந்து சாம்பல் பூத்துவிடும். நீலமும் குளிர்ந்த பச்சையும் 2700 கெல்வினில் மந்தமாகும். எங்கள் வீட்டு உணவறையில் ஒரு சுவருக்கு வாழையிலைப் பச்சை பூசிய முதல் வாரம், சாம்பாரும் பொரியலும் பழையவை போலத் தெரிந்தன. சுவரையே மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. இருந்த 6500 கெல்வின் பல்புகளைக் கழற்றி 3000 கெல்வினில், நிறங்காட்டும் திறன் 90க்கு மேல் உள்ளவற்றைப் போட்டவுடன் சுவரும் சாப்பாடும் சேர்ந்து தெளிந்தன. சிஆர்ஐ என்று பெட்டியில் அச்சிடப்படும் அந்தத் திறனெண் பெரும்பாலான சாதாரண பல்புகளில் 80 அளவில் இருக்கும். அடர்ந்த நிறம் உள்ள வீட்டுக்கு, அதுவும் சிவப்பு உள்ள வீட்டுக்கு, அது போதாது.

அடர்ந்த சுவர் ஒளியைத் திருப்பித் தராமல் விழுங்குவதால், வெள்ளை அறைக்குப் போதுமான விளக்கு அங்கே போதாது. அதற்காக நடுவில் ஒரே ஒரு பெரிய விளக்கைக் கூட்டி வைப்பதும் தவறு. அது கண்ணைக் கூசச் செய்து மூலைகளை இருட்டில் விடும். கூரை, சுவர், மேசை என்று மூன்று உயரங்களில், தனித்தனி ஸ்விட்ச்சில் சிறு விளக்குகள் இருக்க வேண்டும். அழகுக்காக வைக்கும் விளக்கும் ஒளி தருவதற்கான விளக்கும் வேறு வேறாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டால், பாதிச் சிக்கல் தீரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால் டென்மார்க்கின் விளக்கு வடிவமைப்பாளர் பௌல் ஹென்னிங்சன் காட்டிய வழி இருக்கிறது. 1920களின் நடுப்பகுதியிலிருந்து அவர் வடிவமைத்த விளக்குகளில், அடுக்கடுக்கான தகடுகள் பல்பைக் கண்ணிலிருந்து மறைத்து, ஒளியை மட்டும் மேசைக்கு அனுப்பும். அவற்றில் 1958இல் வந்த ‘பிஎச் 5’ என்ற தொங்குவிளக்கு இன்றும் விற்பனையில் உள்ளது. அலங்காரம் என்ற பெயரில் இழை தெரியும் வெற்று பல்புகளைக் கண் மட்டத்தில் தொங்கவிடும் உணவகப் பாணியை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள், அந்தத் தகடுகளின் வேலையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

உயரத்துக்கு ஓர் அளவு உண்டு. உணவு மேசையின் மேல் தொங்கும் விளக்கின் அடிப்பகுதி மேசைப் பலகையிலிருந்து 30 முதல் 36 அங்குலம் உயரத்தில் இருக்கலாம். ஆள் நடக்கும் இடத்தில் தரைக்கும் விளக்குக்கும் குறைந்தது ஏழு அடி வேண்டும். ஆனால் இந்த அளவுகளைத் தரும் வெளிநாட்டுக் குறிப்புகளில் மின்விசிறி இல்லை. நம் கூடத்தின் நடுப்புள்ளி விசிறிக்கு உரியது. விசிறி இறக்கைகளுக்கு மேலே, அவற்றின் வட்டத்துக்குள் விளக்கு வைத்தால், நிழல் சுவரெங்கும் வெட்டி வெட்டி ஓடித் தலைவலி தரும். ஃபால்ஸ் சீலிங் போட்டுப் பத்தடி உயரத்தை ஒன்பதரையாகக் குறைத்து, அதில் விசிறியும் சரவிளக்கும் சேர்த்து வைப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விசிறியை அதன் இடத்தில் விட்டுவிட்டு, மனம் கவர்ந்த விளக்கை நுழைவாயில், மாடிப்படி வெளி, மேசைக்கு மேல், படிக்கும் மூலை ஆகிய இடங்களில் ஒன்றுக்குக் கொடுப்பதே நல்லது. எடையுள்ள விளக்கை ஜிப்சம் பலகையில் மாட்டாமல், கான்கிரீட் தளத்தில் போட்ட கொக்கியில்தான் தொங்கவிட வேண்டும். வாடகை வீட்டில் துளையிட முடியாதவர்களுக்கு வளைந்த கம்பமுள்ள தரை விளக்கு உதவும். 1962இல் இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் வடிவமைத்த ‘ஆர்கோ’ விளக்கு அந்த வகையின் முன்னோடி. கூரையைத் தொடாமல் மேசைக்கு மேல் ஒளி வேண்டும் என்பதற்காகவே, கனத்த பளிங்குக் கல்லின் மேல் அது நிற்கிறது. வாங்கும் முன் அதன் வளைவு விசிறி இறக்கையில் படுமா என்று அளந்து பாருங்கள்.

ஆடையிலிருந்து அழகை எடுப்பது நல்ல வழக்கம்தான், எதை எடுப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. அந்தப் பருவத்து மோஸ்தர் நிறத்தை எடுக்கிறார்கள், விகிதத்தை எடுப்பதில்லை. உடலையும் கரையையும் தனித்தனி ஊடு நூலால் நெய்து கோக்கும் காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையைப் பாருங்கள். உடல் ஒரே நிறமாக விரிந்து கிடக்கும், கரை அதற்கு எதிர்நிறத்தில் ஓரமாக ஓடும், முந்தானையில் மட்டுமே வேலைப்பாடு குவியும். அறைக்கும் இதைப் பொருத்தலாம்: மூன்று சுவர்கள் உடல், கதவுச் சட்டமும் திரையின் விளிம்பும் கரை, விளக்கோ ஓவியமோ உள்ள ஒரு பக்கம் முந்தானை. முந்தானையையே நான்கு சுவருக்கும் சுற்றிவிடுவதுதான் நாம் அடிக்கடி காணும் காட்சி.

மோஸ்தர் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அதை மாற்றக்கூடிய பொருளில் மட்டும் வையுங்கள். மெத்தை உறை, திரை, விளக்கின் துணிக்கூடு ஆகியவற்றில் எவ்வளவு துணிச்சலும் காட்டலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகள் இருக்கப்போகும் சமையலறை லேமினேட்டிலும் குளியலறை டைல்ஸிலும் இந்த ஆண்டின் நிறத்தைப் பதிக்காதீர்கள். பழைய பட்டுப் புடவையை வெட்டி மெத்தை உறை தைப்பது இப்போது பரவலாக இருக்கிறது. ஜரிகை தோலை உரசும், இழை விரைவில் பிரியும், வெயில் பட்டால் பட்டு வெளுத்து இற்றுப்போகும். பாட்டியின் புடவையாக இருந்தால் முந்தானையை வெட்டாமல் மடித்து, கண்ணாடிச் சட்டத்துக்குள், நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அந்த அறையின் நிறத்தை அதிலிருந்தே எடுக்கலாம்.

வேலையின் வரிசையும் முக்கியம். விளக்குப் புள்ளிகளை முடிவு செய்து ஒயரிங்கை முடித்த பிறகு பட்டி பார்க்க வேண்டும். நிரந்தரமாக எரியப்போகும் பல்புகளை மாட்டி, அந்த ஒளியில் மாதிரிப் பலகையைப் பார்த்த பிறகு நிறத்தை உறுதி செய்ய வேண்டும். இயந்திரத்தில் கலந்து தரும் அடர்ந்த நிறங்கள் ஒவ்வொரு கலவைக்கும் நூலிழை மாறக்கூடும் என்பதால், ஒரு சுவருக்கு வேண்டிய பெயின்ட்டை ஒரே முறையில் கலந்து வாங்கி, அரை லிட்டரை மிச்சம் பிடித்து, மூடியின் மேல் ஷேட் எண், அறையின் பெயர், தேதி ஆகியவற்றை எழுதி, காற்றுப் புகாமல் மூடி, வெயில் படாத பரணில் வைத்துக்கொள்ளுங்கள்.